பன்னிரண்டுக்கு ஒன்று

கைப்பையில் ஒரு ரசமட்டம்,
ஐந்து மீட்டர் டேப்,
என் காலிப்பர் திருகாணிக்கு ஒரு குட்டி ஸ்பேனர்.
மாவட்ட சுகாதார அலுவலகத்தில் என் மேசைப் பலகை
‘அணுகல் வசதி ஒருங்கிணைப்பாளர்’ என்கிறது.
டிரைவர் புஷ்பநாதனுக்கு அவ்வளவு மூச்சில்லை:
‘சரிவு மேடம்.’

சரிவே இல்லாத சீமை இது.
கல்லணையில் திறந்த தண்ணீர்
மைலுக்கு ஓரடி, ஈரடி என்று
யோசித்து யோசித்துத்தான் இறங்கி வருகிறது எங்களிடம்.
மேடென்றால் ஆற்றுக்கரை, மதகு,
அப்புறம்
வெள்ளத்துக்குப் பயந்து தூக்கிக் கட்டிய ஆஸ்பத்திரி.
நான்கு படி, ஐந்து படி.
புயலுக்குப் பின் கட்டியதென்றால் ஏழு.
தண்ணீர் ஏறக்கூடாது என்று கட்டினார்கள்.
சக்கரமும் ஏறவில்லை.

பன்னிரண்டுக்கு ஒன்று.
ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம்.
மூன்று வருடமாக வேறெதுவும் பேசியதாக நினைவில்லை.
உதவிப் பொறியாளர் வீரசேகரன்
‘இடமில்லையே மேடம், ஆறுக்கு ஒன்று போட்டுக்கலாமா’ என்றார்
வெண்டைக்காய்க்குப் பேரம் பேசும் குரலில்.
சக்கர நாற்காலியில் அவரையே உட்காரவைத்து
ஆறுக்கு ஒன்றில் பாதி தூரம் தள்ளி
கைப்பிடியை ஒரு நொடி விட்டேன்.
மறுவாரம் இடம் கிடைத்தது.
ஒரு சரக்கொன்றையை வெட்டினார்கள்.
அதில் எனக்கு வருத்தம் உண்டு.

தை கடைசி. கோரையாற்றுக்குத் தெற்கே
ஓர் ஆரம்ப சுகாதார நிலையம்.
சரிவுப் பாதை அளவு பிசகாமல் இருந்தது,
இரண்டு பக்கமும் கைப்பிடி.
அதன்மேல் நெல் காய்ந்துகொண்டிருந்தது.
ஈரப்பதம் கூடுதலென்று
கொள்முதல் நிலையம் திருப்பி அனுப்பிய நெல்.
‘வெயில் சாய்வா விழுது மேடம், சீக்கிரம் காயுது’
என்றார் காவலாளி, பாராட்டாகவே.
கத்த வாயெடுத்தேன்.
நெல்லை மிதித்து நிற்கிறோமே என்று உறுத்தியதில்
பாதியில் நின்றது கோபம்.

உள்ளே, கடைசி பெஞ்சில் செங்கமலம்.
ஏழாம் மாதம். கையில் டோக்கன் பதினொன்று.
எட்டரைக்கு வந்தவள், அப்போது மணி ஒன்றே கால்.
நாற்பத்துமூன்று போய்க்கொண்டிருந்தது.
செவிலியர் ரஹ்மத்துன்னிசா பதறிவிட்டார்:
‘மூணு தடவை கூப்பிட்டேன் மேடம்.’
பொய்யில்லை, கூப்பிட்டிருப்பார்.
செங்கமலத்துக்குக் காது கேட்காது.

அவள் என் ரசமட்டத்தைக் கேட்டு வாங்கினாள்.
இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு
மேலே, வயிற்றின்மேல், கிடத்தினாள்.
பச்சைத் திரவத்தில் குமிழி நடுவுக்கு வந்து நின்றது.
பிறகு, யாரும் தொடாமல்,
இடப்பக்கம் துள்ளியது.
என் முழங்கையை இடித்துக் காட்டிச் சிரித்தாள்.

நாற்பத்தேழு நிலையங்களுக்கு
அறிக்கை எழுதியிருக்கிறேன்.
படி, வாசல் அகலம், கழிப்பறைக் கம்பி.
என் கால் இடறிய இடமெல்லாம் அதில் இருக்கிறது.
குரல் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.
அன்றிரவு படிவத்தில் புதிதாக ஒரு பத்தி போட்டேன்.
தலைப்பு வைக்கத் தெரியவில்லை.
காலிப்பரைக் கழற்றும்போது
கீலிலிருந்து இரண்டு நெல்மணி விழுந்தது.

எண் காட்டும் பலகை கேட்டுப் போன கோப்பு
பங்குனியில் திரும்பி வந்தது:
‘அவசியத்தை விளக்கவும்.’
மூன்று பக்கம் எழுதினேன், கிழித்தேன்.
வியர்வையில் நைந்த டோக்கன் பதினொன்றை
ஜெம் கிளிப்பில் மாட்டி அனுப்பியிருக்கிறேன்.

பதில் வரவில்லை.
அதுவரை ரஹ்மத்துன்னிசா
போன வருடக் காலண்டரின் முதுகில்
மார்க்கரால் பெரிதாக எண்ணெழுதித்
தலைக்குமேல் தூக்கிப் பிடிக்கிறார்.
கை வலிக்கிறதாம்.
அதையும் எழுத வேண்டும்.